மூக்கடைப்பாகத் தொடங்கிய நிணநீர்ப் புற்று: யாங்கோனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பர்மாவின் பெகு வட்டாரத்தில், தமிழர்கள் பல தலைமுறைகளாக நெல் பயிரிட்டுவரும் ஊர் ஒன்றைச் சேர்ந்த 47 வயது விவசாயி ஒருவர், 2018ஆம் ஆண்டு நவம்பரில், யாங்கோனில் நாங்கள் பணியாற்றும் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலிருந்து மூக்கின் இடப்பக்கம் அடைத்திருந்தது. நான்கு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துவந்தார். வெற்றிலை போடும் பழக்கம் உண்டு, புகைப்பழக்கம் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் புற்றுநோய் வந்ததாகத் தெரியவில்லை. நோயாளியும் அவர் மனைவியும் இதை எழுத இசைந்தனர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறோம்.

இறுதியில் உறுதியான நோயின் பெயர் இயற்கைக் கொல்லி அணு மற்றும் டி அணு சார்ந்த, நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே தோன்றும் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்று. இவ்விரு அணுக்களும் நோய் எதிர்க்கும் வெள்ளணு வகைகள். மூக்கிலும் முகத்தின் நடுப்பகுதியிலும் திசு அழுகி உதிரும் இந்நோயை 1897இல் மெக்பிரைடு என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். அது புற்று என்பதே நெடுங்காலம் தெளிவாகவில்லை; ‘கொல்லும் நடுக்கோட்டுக் கட்டி’ என்ற பொருள்படும் பெயரே வழங்கிவந்தது. எப்ஸ்டைன்-பார் வைரஸுடன் இதற்குள்ள தொடர்பு 1990இல்தான் வெளிவந்தது. சீனா, கொரியா, ஜப்பான், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் கூடுதலாகக் காணப்படும் இந்நோய், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அரிது. ஆகவே இந்திய நூல்களைப் படித்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களின் மனத்தில், மூக்கடைப்புக்கான காரணங்களின் வரிசையில் இது கடைசியாகவே வரும். நாங்கள் வேலை செய்யும் ஊரோ அந்தக் கிழக்கு நாடுகளின் பக்கத்தில் இருக்கிறது.

ஐந்து மாதம் கழிந்த விதம்

ஜூன் மாதம் நடவு நேரம். மழையில் நின்றதால் வந்த நீர்க்கோவை என்று நோயாளியும், பீனிசம் என்று ஊர்ப் பெரியவர்களும் எடுத்துக்கொண்டனர். நொச்சி போட்டு ஆவி பிடித்தார். மருந்துக் கடையில் கிடைத்த, அடைப்பை நீக்கும் மூக்குச் சொட்டு மருந்தை ஆறு வாரம் விடாமல் போட்டுக்கொண்டார். அத்தகைய சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ஆகையால் ஜூலை இறுதியில் அடைப்பு மிகுந்தபோது பழி மருந்தின்மேல் விழுந்தது. ஆகஸ்டுக்குள் சிந்தும்போதெல்லாம் இரத்தம் கலந்து வந்தது. இருமுறை சில்லுமூக்கு உடைந்து நிற்காமல் ஓடியது. பக்கத்துச் சிறு நகரிலிருந்த மருத்துவ நிலையத்தில் மூன்று தவணை நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

துர்நாற்றத்தை முதலில் உணர்ந்தவர் மனைவி. எங்களிடம் அவர் அதைத் தனியாகத்தான் சொன்னார்: “பக்கத்துல உக்கார முடியலைங்க டாக்டர். அவருக்கே அது தெரியலை. நான் எப்படிங்க வாய் விட்டுச் சொல்றது?” தொழுநோயோ காசநோயோ என்று அஞ்சிய மாமியார், அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதே பக்கத்தில் இரத்தம், அதே பக்கத்தில் நாற்றம் என்ற இம்மூன்றும் பெரியவர் ஒருவரிடம் ஒன்றாக இருந்தால், அதைச் சாதாரணச் சைனஸ் தொல்லை என்று வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு ஆள்களிடம் சொல்லப்பட்டிருந்தன.

செப்டம்பரில் இடது கன்னம் வீங்கியது. வேறொரு நகரில் எடுத்த சி.டி. ஸ்கேனில், இடது மூக்குக் குழியும் மேல்தாடை எலும்புக்குள் உள்ள இடது சைனஸும் மூடியிருப்பதாக எழுதியிருந்தது. மூக்கிலிருந்து சிறிது திசு எடுத்து அனுப்பினார்கள். ‘அழுகிய திசு, கடும் மற்றும் நாட்பட்ட அழற்சி, புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. அந்த நிம்மதியில் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் பத்து நாள் கொடுக்கப்பட்டது. நான்காம் நாளே வீக்கம் வடிந்தது, காய்ச்சல் விட்டது, மூச்சு வந்தது. சர்க்கரை மட்டும் எகிறியது. நோய் தீர்ந்ததென்று ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். மாத்திரை முடிந்த மூன்றாம் வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. கூடவே கீழ் இமை வீக்கமும், இரவுக் காய்ச்சலும், படுக்கை நனையும் வியர்வையும் வந்தன. அதற்குள் ஏழு கிலோ எடை குறைந்திருந்தது.

நிணநீர்ப் புற்றணுக்கள் பல ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கும். எனவே ஸ்டீராய்டில் கிடைத்த முன்னேற்றம் நோய் அழற்சியே என்பதற்குச் சான்றாகாது. அது அடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனையையும் மங்கச் செய்யும்.

யாங்கோனில் கண்டவை

உள்நோக்கிக் கருவியில் முதலில் தெரிந்தது கறுத்துத் தடித்த பொருக்கு மட்டுமே. அதை உப்புநீரால் ஊறவைத்து நீக்கியபோது, அடியில் சாம்பல் வெண்மை நிறத்தில் புண்ணான தசையும், மூக்கின் நடுச்சுவரில் ஒரு சென்டிமீட்டர் அளவுத் துளையும் இருந்தன. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, வெற்றிலைக் கறைக்கு நடுவே, கடின அண்ணத்தின் இடப்பக்கம் ஊதா நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. முன்பு பார்த்தவர்கள் அதைக் கறை என்றே எண்ணியிருக்கலாம்; நாங்களும் விரலால் தடவிப் பார்க்கும்வரை அப்படித்தான் எண்ணினோம். கழுத்தில் கணுக்கள் தட்டுப்படவில்லை.

ஹீமோகுளோபின் 11.8, வெள்ளணுக்கள் 4,200, தட்டணுக்கள் 2,10,000. இரத்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் இரத்தப் புற்று என்று சொல்லமாட்டார்கள். எல்.டி.எச். என்னும் நொதி மட்டும் 412 என்று, இயல்பு வரம்பைத் தாண்டியிருந்தது. எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளில் எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இரத்தக்குழாய் அழற்சி நோய்க்கான ஆன்கா சோதனையும் எதிர்மறையே. ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருப்பதாக வந்தது. அப்போது அதைப் பக்கத்தில் குறித்து வைத்ததோடு சரி. அதன் கனம் பின்னால் தெரிந்தது.

பூஞ்சையா என்ற கேள்வி

நீரிழிவுக்காரர், கட்டுக்கடங்காத சர்க்கரை, அண்மையில் எடுத்த ஸ்டீராய்டு, மூக்கில் கறுத்த பொருக்கு, கண்ணிமை வீக்கம். மூத்த மருத்துவர் ஒருவர் முதல் பார்வையிலேயே மியூக்கர் பூஞ்சை என்றார். 2021க்குப் பின் ‘கருப்புப் பூஞ்சை’ என்று வீடுவீடாகத் தெரிந்துவிட்ட அந்நோய்தான். அவர் சொன்னதில் தவறில்லை. அந்நோயில் ஒரு நாள் தாமதமும் கண்ணையோ உயிரையோ பறிக்கும். எங்களில் இருவருக்கு வந்த ஐயம் காலக்கணக்கைப் பற்றியது: மியூக்கர் பெரும்பாலும் நாள் கணக்கில் முன்னேறும், இவருக்கோ ஐந்து மாதம் ஆகியும் கண்ணசைவு சரியாக இருந்தது, கன்னத்தில் மரப்பும் இல்லை.

பொருக்கையும் அடியிலிருந்த திசுவையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்துப் பார்த்ததில் பூஞ்சை இழை தெரியவில்லை. ஆனால் ஒரு சோதனையை மட்டும் நம்பி இருக்க முடியாதென்று, பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் மருந்து தொடங்கப்பட்டு, நான்கு நாள் ஏற்றப்பட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9இலிருந்து 1.5ஆக ஏறியது. மருந்து நிறுத்தப்பட்டபின் சில வாரங்களில் 1.1க்கு இறங்கியது, பழைய அளவுக்கு வரவில்லை.

மூன்று முறை எடுத்த திசு

இதற்கிடையே, இரத்தப்போக்குக்கு அஞ்சி, புறநோயாளர் அறையிலேயே மரப்பு மருந்து தெளித்து இரண்டு சிறு துண்டுகள் எடுத்தோம். ‘அழுகிய திசு, அழற்சி’ என்று, செப்டம்பரில் வந்த அதே வாசகம் திரும்ப வந்தது. இரண்டு அறிக்கைகள் ஒன்றுபோல் இருந்தது எங்களுக்கு முதலில் உறுதியளிப்பதாகவே பட்டது. நோயியல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியபோதுதான் அந்த உறுதி கலைந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: “துண்டை எங்கிருந்து எடுத்தீங்க?” புண்ணின் நடுவிலிருந்து, கைக்கு எளிதாக வந்த இடத்திலிருந்து எடுத்திருந்தோம். “அங்க உயிருள்ள அணுவே இல்லையே; செத்த திசுவை அனுப்பிச்சா செத்த திசுன்னுதான் எழுத முடியும்.”

இந்நோயின் இயல்பே அப்படி. புற்றணுக்கள் சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றியும் அவற்றின் சுவருக்குள்ளும் புகுந்து அவற்றை அடைப்பதால், அந்தக் குழாய்கள் ஊட்டும் திசு பட்டுப்போகிறது. மேலே தெரிவது பட்டுப்போன பகுதி. நோய் அதன் விளிம்பிலும் ஆழத்திலும் இருக்கிறது. ‘புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்ற சொற்றொடர், அனுப்பிய துண்டைப் பற்றிய செய்தியே தவிர நோயாளியைப் பற்றிய செய்தி அன்று. இதை அறியாதவர்கள் அல்லர் நாங்கள். அறிந்தும் இரண்டாம் முறை அதே இடத்தில் எடுத்தோம்.

நவம்பர் இறுதியில், முழு மயக்கத்தில், பொருக்கையும் அழுகலையும் முற்றிலும் அகற்றிவிட்டு, இரத்தம் கசியும் விளிம்பிலிருந்தும், கீழ் மூக்குமடலின் ஆழத்திலிருந்தும், துளையின் ஓரத்திலிருந்தும், அண்ணத்துத் திட்டின் அடியிலிருந்துமாக ஏழு துண்டுகள் எடுத்தோம். ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் இட்டு இடத்தின் பெயர் எழுதினோம். ஸ்டீராய்டு எப்போது எடுத்தார், எப்போது நிறுத்தினார் என்பதையும் குறித்தோம். ஏழில் நான்கில், குழாய்களைச் சூழ்ந்த நடுத்தர அளவுப் புற்றணுக்கள் இருந்தன. அணுவின் வகையைக் காட்டும் குறியீடுகளில், அணுவுக்குள் சிடி-3, மேற்பரப்பில் சிடி-56 ஆகியவை நேர்மறை. பி அணுக்களுக்குரிய சிடி-20 எதிர்மறை. எப்ஸ்டைன்-பார் வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் காட்டும் ஈபர் சோதனைக்கு, திசு பதித்த மெழுகுக் கட்டியைப் பாங்காக்கிற்கு அனுப்பினோம். பதினோரு நாளில் நேர்மறை என்று பதில் வந்தது. குருதிநீரில் வைரஸின் டி.என்.ஏ. அளவு மில்லிலிட்டருக்கு 8,600 படிகளாக இருந்தது.

மூக்கிலும் சைனஸிலும் தோன்றும் இரத்தம் சார்ந்த புற்று இது ஒன்று மட்டுமல்ல. மேலை நாடுகளில் சைனஸில் கூடுதலாகக் காண்பது பெரிய பி அணு லிம்ஃபோமா. அது பெரும்பாலும் அழுகலின்றிக் கட்டியாகவே வளரும், சிகிச்சையும் வேறு. எலும்பு மச்சைக்கு வெளியே தோன்றும் பிளாஸ்மா அணுக் கட்டிக்கும் மேல் மூச்சுப்பாதை விருப்பமான இடம். கடும் இரத்தப் புற்று அரிதாக மூக்கில் கட்டியாக முன்தோன்றுவதும் உண்டு. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. குறியீட்டுச் சோதனைகள் இன்றி ‘லிம்ஃபோமா’ என்று மட்டும் வரும் அறிக்கையை வைத்துச் சிகிச்சை தொடங்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

குடும்பத்தாரிடம் சொன்னது

நோயாளியோடு வந்தவர்கள் மனைவியும் அவருடைய தம்பியும். தம்பிக்குப் பர்மிய மொழி சரளம். அக்காவுக்குத் தமிழ்தான் கைவரும். மருத்துவமனையில் பேச்செல்லாம் பர்மிய மொழியிலும், தாள்களெல்லாம் ஆங்கிலத்திலும் இருக்க, அதுவரை அவரிடம் யாரும் நேரே எதையும் சொல்லியிருக்கவில்லை. தம்பி சொன்னதே செய்தி. ஆகவே தமிழில் உட்கார்ந்து பேசினோம். அவருடைய முதல் கேள்விக்கு நாங்கள் ஆயத்தமாக இல்லை: “ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானங்க டாக்டர் சொன்னீங்க. இப்ப ரத்தப் புத்துங்கிறீங்களே?”

கேள்வி நியாயமானது. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களின் இனத்தைச் சேர்ந்த அணுக்கள் மூக்கின் உட்தோலிலும் குடலிலும் தோலிலும் தங்கி வாழ்கின்றன. அப்படித் தங்கிய அணு ஒன்று கெட்டுப் பெருகும்போது, நோய் மூக்கில் இருக்கும், இரத்தம் தெளிவாகவே இருக்கும் என்று விளக்கினோம். வயலில் பூச்சி விழுந்திருக்கும்போது வாய்க்கால் தண்ணீரைச் சோதித்தால் தெரியுமா என்று தம்பி அதைத் தன் சொல்லில் அக்காவுக்குத் திருப்பிச் சொன்னார். எங்கள் விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

அறுத்து எடுத்துவிடலாமே என்றும் கேட்டார்கள். இந்நோயில் அறுவைக்குத் திசு எடுப்பதற்கு அப்பால் இடமில்லை என்றோம். தொற்றுமா என்பதற்கு, உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, தட்டைத் தனியாக வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொன்னோம். மனைவி அன்று மாலை ஊருக்குத் தொலைபேசியில் பேசியது அதை மட்டும்தான்.

சிகிச்சையைத் தேர்ந்த விதம்

மார்பு, வயிறு சி.டி. ஸ்கேனும் எலும்பு மச்சைப் பரிசோதனையும் தெளிவாக இருந்தன. இந்நோய் பரவ விரும்பும் தோலையும் விதைகளையும் தனியே பார்த்தோம். நோய் உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேனும் செய்திருக்க வேண்டும். வெளிநாடு சென்றுவரும் செலவை எண்ணிக் குடும்பம் மறுத்தது. அந்தப் பணம் மருந்துக்கு வேண்டும் என்று நாங்களும் வற்புறுத்தவில்லை.

பிற லிம்ஃபோமாக்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சாப் என்னும் மருந்துக் கூட்டு இங்கே சரியாக வேலை செய்யாது. இந்த அணுக்கள் அதிலுள்ள முக்கிய மருந்துகளை வெளியே தள்ளும் புரதத்தைக் கொண்டவை. மாறாக, அஸ்பராஜினேஸ் என்னும் மருந்து இவற்றின் பலவீனத்தைத் தாக்குகிறது: அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை இவ்வணுக்களால் போதிய அளவு தாமே ஆக்கிக்கொள்ள இயலாது, இரத்தத்தில் அதைத் தீர்த்துவிட்டால் அவை பட்டினியில் சாகும். அதைக் கொண்ட கூட்டுகளில் ஸ்மைல் என்பது வலிமையானது. ஆனால் அதில் உள்ள மிகையளவு மெத்தோட்ரெக்சேட்டை, இரத்த அளவைத் தினம் பார்க்க வசதியின்றி, ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தில் கொடுக்கத் துணியவில்லை. நான்கு நாள் ஆம்ஃபோடெரிசினுக்கு நாங்கள் கொடுத்த விலை அது. ஜெம்சைட்டபின், ஆக்சாலிபிளாட்டின், அஸ்பராஜினேஸ் மூன்றும் சேர்ந்த கூட்டை இரண்டு சுற்று, பிறகு கதிர்வீச்சு, பிறகு மேலும் இரண்டு சுற்று என்று முடிவாயிற்று. கதிர்வீச்சை நடுவில் வைத்ததற்குக் காரணம், ஓரிடத்தில் நிற்கும் இந்நோயைக் குணமாக்குவதில் அதுவே தலையானது. கதிர்வீச்சின் அளவு 50 கிரேக்குக் (கிரே என்பது அதன் அலகு) குறைந்தால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும்.

பின் நடந்தவை

ஹெபடைட்டிஸ் பி விழித்துக்கொள்ளாமலிருக்க, அவ்வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை தொடங்கிய பிறகு, 2019 ஜனவரி முதல் வாரத்தில் முதல் சுற்று கொடுக்கப்பட்டது. அஸ்பராஜினேஸ் 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. மின்வெட்டு நாள்களில் தம்பி பனிக்கட்டிப் பெட்டியோடு வார்டுக்கு வருவார். பத்தாம் நாள் காய்ச்சல் நின்றது. இரண்டாம் சுற்றில், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் 90க்கு இறங்கியது. சர்க்கரை ஏறி இன்சுலினுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் அந்த மருந்தின் தெரிந்த விளைவுகளே.

தெரிந்திருந்தும் நாங்கள் சொல்ல மறந்த ஒன்று, சிகிச்சையைக் கிட்டத்தட்ட முறித்தது. அண்ணத்து எலும்பைக் கட்டி அரித்து அந்த இடத்தைத் தானே நிரப்பியிருந்தது. கட்டி கரைந்ததும் அங்கே ஒன்றரை சென்டிமீட்டர்த் துளை திறந்தது. ஒரு காலையில் குடித்த கஞ்சி மூக்கு வழியே வந்தது. நோய் அண்ணத்தைப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி, அவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். “ஓட்டை விழும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பயந்திருக்க மாட்டோமே டாக்டர்” என்று தம்பி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பல் மருத்துவர் ஒருவர் அக்ரிலிக்கில் அடைப்புத் தகடு செய்து கொடுத்தபின் உணவும் பேச்சும் சீராயின.

கதிர்வீச்சுக்குமுன் இரண்டு சொத்தைப் பற்கள் பிடுங்கப்பட்டன. பிப்ரவரி நடுவிலிருந்து 27 தவணைகளில் 54 கிரே கொடுக்கப்பட்டது. நான்காம் வாரத்திலிருந்து வாய்ப்புண்ணால் கஞ்சியும் இளநீரும் மட்டுமே இறங்கின. புண் ஆறத் தாமதமானதாலும், இடையில் திஞ்ஞான் நீர்த் திருவிழா விடுமுறை வந்ததாலும், மூன்றாம் சுற்று ஏப்ரல் இறுதிக்குத் தள்ளியது. மே மாதத்தோடு சிகிச்சை முடிந்தது.

ஆகஸ்டில் உள்நோக்கியிலும் ஸ்கேனிலும் நோய் தெரியவில்லை. ஆறு இடங்களில் எடுத்த திசுவும் தெளிவு. குருதிநீரில் வைரஸ் டி.என்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்குப் போயிருந்தது. 2020இல் கொரோனாவால் இரண்டு வருகைகள் தவறின. கடைசியாக நாங்கள் நேரில் பார்த்தது 2021 ஜனவரியில். சிகிச்சை முடிந்து இருபது மாதம் ஆகியிருந்தது, நோய் திரும்பவில்லை. வாய் வறட்சியும் மூக்கில் தினம் உப்புநீர் கழுவ வேண்டிய தொல்லையும் நின்றபாடில்லை. அதன் பிறகு தொலைபேசியில் மட்டுமே தொடர்பு. தகட்டின் கொக்கி ஒடிந்துவிட்டது என்பதே கடைசி அழைப்பின் செய்தி.

மாற்றிக்கொண்டவை

ஒரு பக்க மூக்கடைப்போடு இரத்தமோ நாற்றமோ பொருக்கோ இருக்கும் எவருக்கும், திசு எடுக்கும் முன் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதில்லை என்று எங்கள் பிரிவில் முடிவு செய்தோம். ஏற்கெனவே எடுத்திருந்தால், உயிருக்கு ஆபத்து இல்லாதபட்சத்தில், அறிகுறி திரும்பும்வரை பார்த்திருந்து எடுக்கிறோம். திசுவோடு அனுப்பும் தாளில் முன்பு ‘மூக்குத் திசு’ என்று எழுதினால் போதும். இப்போது எந்த இடம், எத்தனை துண்டு, விளிம்பா நடுவா, ஸ்டீராய்டு எடுத்த நாள் எது என்ற நான்கு கட்டங்கள் இருக்கின்றன, அவை காலியாக வந்தால் நோயியல் பிரிவு திருப்பி அனுப்பிவிடும். ‘அழுகிய திசு’ என்று வரும் அறிக்கையை, போதாத மாதிரி என்றே கணக்கில் கொள்கிறோம்.

அண்ணத்தில் திட்டு உள்ளவர்களுக்குத் துளை விழக்கூடும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே, வீட்டில் சமைப்பவர் யாரோ அவரிடம், அவர் மொழியில் சொல்கிறோம்.

ஆம்ஃபோடெரிசின் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தொடங்கியது சரி, இரண்டாம் நாளே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூத்த மருத்துவரோ, அதே தோற்றத்தில் அடுத்த நோயாளி வந்தால் மறுபடியும் நான்கு நாள் கொடுப்பேன் என்கிறார்.